சிவப்புத் துணி கட்டிய செடி

எங்கள் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் முதலில் உள்ளே வருவது மூடுபனிதான். கேட்டுக்கொண்டெல்லாம் வராது. கட்டபெட்டில் ஆனி மாதத்துப் பகல் அரைத் தூக்கத்தில் நடக்கிற காரியம். மணி பதினொன்றா மூன்றா என்று வெளிச்சத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஜன்னலுக்கு வெளியே எங்கள் சிறிய புறக்கடை, அதன் ஓரத்தில் கம்பி வேலி, வேலியை ஒட்டி ஓர் ஒற்றையடிப் பாதை. பாதைக்குக் கீழே பக்கத்துக்காரர் தேயிலை, அதற்கும் கீழே பள்ளத்தாக்கு. பனி ஏறும்போது முதலில் பள்ளத்தாக்கு போகும். அப்புறம் தேயிலை, அப்புறம் பாதை. எல்லாம் போன பிறகும் வேலியோரம் ஒரு செடி மட்டும் மிச்சம் நிற்கும். அதில் கட்டியிருக்கும் சிவப்புத் துணி இன்னும் சற்று நேரம் தெரியும்.

போன வருடம் அந்த ஜன்னலைப் பார்த்தாற்போல் கட்டிலைத் திருப்பிப் போட்டது என் மனைவிக்காக. கோயமுத்தூரில் அவளுக்குப் புற்றுநோய் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்றுவார்கள். நான்கு முடிந்து இரண்டு பாக்கி. நோய் அவளை என்ன செய்ததோ, மருந்து அவளை உருக்கிவிட்டது. எதை வாயில் வைத்தாலும் இரும்புச் சாவியைச் சப்புவதுபோல் இருக்கிறது என்றாள். கஞ்சி, இட்லி, அவளுக்கு உயிரான அரிசிம்பருப்பு சோறு, எல்லாம் ஒரே சாவிதான். நான் சமைத்ததால்தான் அப்படி என்று முதலில் நினைத்தேன். மகள் திருப்பூரிலிருந்து வந்து இரண்டு வாரம் தங்கிச் சமைத்துப் பார்த்தாள். அதுவும் சாவிதான் என்று ஆனதும் எனக்கு ஒரு அற்ப ஆறுதல்.

நான்காவது தடவை டாக்டர் அவளை எடை பார்க்கும் மெஷினில் நிறுத்தினார். இப்போதே இரண்டு கிலோ குறைவு, அடுத்த முறைக்குள் அதில் ஒரு கிலோவாவது ஏற வேண்டும், ஏறாவிட்டால் மருந்தை ஏற்ற முடியாது, தள்ளித்தான் போட வேண்டும் என்றார். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான், ஒரு கிலோ. சாப்பிடு என்று நான் கெஞ்சுவேன், பிறகு அதட்டுவேன், பிறகு சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டுவேன். அவள் ஜன்னலைப் பார்த்துப் படுத்திருப்பாள். பனி வரும், போகும். அவள் தூங்குகிறாளா விழித்திருக்கிறாளா என்று எனக்கும் தெரியாது, சில சமயம் அவளுக்கே தெரியாது.

அப்படி ஒரு மத்தியானம், நான் தூங்குகிறாள் என்று நினைத்துக் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, அவள் கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"ஏனுங்க, அந்தச் செடியில பழம் பழுத்திருக்குதுங்க. எனக்கொண்ணு பறிச்சுத் தாங்க."

அவளாக ஒன்றைத் தின்னக் கேட்டது இரண்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை. வேறு எதைக் கேட்டிருந்தாலும் ஊட்டி மார்க்கெட் வரை ஓடியிருப்பேன். அவள் கேட்டதோ விஷத்தை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என் அப்பா நெல்லியாளம் பக்கம் ஓர் எஸ்டேட்டில் மருந்தடிக்கிற ஆள். சிலோனிலிருந்து வந்து இறங்கியதும் அவருக்குக் கிடைத்த வேலை அது. முதுகில் மருந்து டப்பாவைக் கட்டிக்கொண்டு தேயிலைக்குள் போவார். அடித்து முடித்த தேயிலைக் காட்டின் முனையில் ஒரு குச்சியை நட்டு, சிவப்புத் துணி கட்டிவிட்டு வருவார். துணி இருக்கிற வரை அந்தக் காட்டில் யாரும் கொழுந்து கிள்ளக் கூடாது, ஆடு மாடு இறங்கக் கூடாது, நாங்கள் உள்ளே போய் ஒளிந்து விளையாடக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்த ஒரு எழுத்து தெரியும். பிறகு நான் வேலைக்குப் போனது வெலிங்டனில், ராணுவ ஸ்டோரில், சிவிலியன் குமாஸ்தாவாக. அங்கேயும் துப்பாக்கி சுடும் மைதானத்தில் சிவப்புக் கொடி ஏறினால் ஈ காக்கை அந்தப் பக்கம் போகாது. ஆக, அரை நூற்றாண்டாகச் சிவப்பைக் கண்டால் ஒதுங்கிப் பழகியவன் நான்.

பன்னிரண்டு வருடம் முன்பு இந்த வீட்டை வாங்கியபோது அந்தச் செடி என் தோள் உயரம் இருந்தது. வழவழப்பான தடித்த இலை. கிளையில் ஒரு சிவப்புத் துணி, வெளுத்து நைந்து. வீட்டை விற்ற அம்மாளின் கணவரும் மருந்தடிக்கிறவர் என்று தெரிந்ததும் நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மனைவியிடமும் மகளிடமும் கண்டிப்பாகச் சொன்னேன், அதன் நிழலில்கூட நிற்காதீர்கள் என்று. மனைவி குன்னூர் மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருந்தவர் மகள். அவளுக்குத் துணியின் பாஷை தெரியாது. ஆனாலும் என் குரலின் பாஷை தெரியும், கேட்டுக்கொண்டாள்.

அத்தோடு விட்டேனா? மழையில் துணி கிழிந்து போகும் என்று ஒவ்வொரு வருடமும் வைகாசி கடைசியில் புதுத் துணி கட்டுவேன். ஸ்டோரில் கழித்துப் போட்ட கொடித் துணி, கெட்டிச் சாயம். பாதையில் போகிற குழந்தைகள் அண்ணாந்து பார்த்தால், இதைத் தின்று ஓர் ஆடு செத்துப்போனது என்று சொல்லி விரட்டுவேன். அப்படி ஓர் ஆடு கிடையாது. குழந்தைகளுக்கு ஒரு ஆடாவது சாகாவிட்டால் பயம் வராது. புண்ணியம் செய்கிற நினைப்பு எனக்கு. அந்தச் செடிக்கும் ஊருக்கும் நடுவில் நான் ஒருவன் காவல் நிற்பதாக.

அதனால்தான் மனைவி கேட்டதும் முடியாது என்றேன். அவள் கோபப்படவில்லை. கொண்டைக்குருவி ஒன்று கிளையில் தலைகீழாகத் தொங்கி ஒரு பழத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, அது சாகவில்லையே என்றாள். குருவி தின்கிற எத்தனையோ பழம் மனிதனுக்கு ஆகாது, எட்டி பழுத்தால் என்ன என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்றேன். அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாளும் கேட்டாள். அதற்கடுத்த நாள் கேட்கவில்லை. கேட்காததுதான் என்னைப் பயமுறுத்தியது. அந்த ஆசையும் போய்விட்டதென்றால் அவளை எதைக் காட்டிப் பிடித்து நிறுத்துவேன்?

ஸ்டோரில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. பெயர்ச் சீட்டு இல்லாத பொருளை யாருக்கும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. முதலில் அது என்ன என்று கண்டுபிடி, சீட்டு எழுதிக் கட்டு, பிறகு கொடு. முப்பத்திரண்டு வருடம் அதைத்தான் செய்தேன். பெயர் தெரியாத ஒரு திருகாணிக்காக ஒரு வாரம் அலைந்திருக்கிறேன். ஒரு செடிக்கு அலைய மாட்டேனா?

கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, துணி கட்ட இல்லாமல் பார்ப்பதற்கென்றே முதல் முறையாக அதன் கிட்டே போனேன். பனி என்னையும் செடியையும் சேர்த்து மூடியது. ஜன்னலே தெரியவில்லை. பன்னிரண்டு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவசரமாக முடிச்சுப் போட்டுவிட்டு ஓடிவந்த ஒன்றை அவ்வளவு நெருக்கத்தில் பார்க்க ஏதோ கூச்சமாக இருந்தது. தண்டின் பட்டை உரிந்து, உள்ளே பழுப்பும் பச்சையுமாக வழுவழுப்பாக இருந்தது. பழம் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரியது, கருஞ்சிவப்பு. காம்புக்கு எதிர்ப்பக்கம் ஒரு சின்னக் கிரீடம். அதிலிருந்து ஒரு வாசனை வந்தது. எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்த ஏதோ ஒன்றும் தெரியாத ஏதோ ஒன்றும் கலந்த வாசனை. வாயில் எச்சில் ஊறியது. உடனே துப்பினேன்.

மகள் சொன்னபடி போனில் ஓர் ஆப் வைத்துப் படம் பிடித்தேன். இலையைக் காட்டினால் கேமிலியா என்றது. தேயிலையும் அந்தக் குடும்பம்தானே, தேயிலை ஊரில் எதைக் காட்டினாலும் தேயிலை என்று சொல்லிவிட்டுப் போக ஓர் ஆப் வேறு வேண்டுமா? பழத்தைக் காட்டினால் ஏதோ செர்ரி என்றது. மறுபடி காட்டினால் கொய்யா இனம் என்றது. இந்த இலையில் எந்தக் கொய்யா காய்க்கும் என்று போனைத் திட்டி வைத்துவிட்டேன். சரியான பதிலை அது சொல்லித்தான் இருந்தது. நான்தான் கேட்கவில்லை.

பிறகு கீழே தேயிலை வைத்திருக்கும் படுகர் வீட்டு அம்மாவிடம் கிளையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் இரண்டடி பின்னால் போனார்.

"அதை எங்க ஊட்டுல யாரும் தொடமாட்டோம் அண்ணா. அதைத் தின்னு ஒரு கன்னுக்குட்டி செத்துப் போச்சாமே."

எந்தக் கன்றுக்குட்டி, யாருடையது என்று விசாரித்தேன். அவருக்குத் தெரியவில்லை. எல்லாரும் சொல்கிறார்கள் என்றார். சிறிது நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நான் அனுப்பிய ஆடு ஊரெல்லாம் சுற்றிவிட்டு, கன்றுக்குட்டியாக வளர்ந்து என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. அவரிடம் ஒரே ஒரு உருப்படியான செய்தி கிடைத்தது. தன் தேயிலைக்கு இரண்டு வருடமாக எந்த மருந்தும் அடிக்கவில்லையாம், ஆக அங்கிருந்து அந்தச் செடிமேல் மருந்து படிந்திருக்காது. வீட்டை விற்ற அம்மாளைக் கேளுங்கள், கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கிறார் என்றும் சொன்னார். பன்னிரண்டு வருடமாக அந்த அம்மாள் பஸ்ஸில் அரை மணி தூரத்தில் இருந்திருக்கிறார். எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை.

மறுநாள் மகளிடம் போனில் சொல்லி, தேயிலைக்காரம்மாவை மனைவிக்குத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு, கிளையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் பனி. கண்டக்டர் பெயர் சொல்லித்தான் ஊர்கள் வந்தன, கண்ணால் ஒன்றையும் பார்க்கவில்லை. பையிலிருந்து அந்த வாசனை மெல்ல மெல்ல வந்து பஸ் முழுக்க நிறைந்தது. முன் இருக்கைப் பெண் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். விஷத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அது இவ்வளவு நல்ல வாசனையாக இருக்கிறதே என்று எனக்கு அதன்மேல் கோபம் வந்தது.

இட்லிக் கடை அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். என்னை அடையாளம் தெரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆனது. கிளையை வெளியே எடுத்ததும் என்னை விட்டுவிட்டு அதைப் பார்த்துச் சிரித்தார். இட்லிப் பானையை இறக்கி வைத்துவிட்டு, ஒரு பழத்தைப் பறித்து, முந்தானையில் துடைத்து, நான் கையை நீட்டித் தடுப்பதற்குள் கடித்துவிட்டார்.

அவர் கொட்டையைத் துப்பிவிட்டு இன்னொன்றைப் பறித்தார். இது என்ன பழம் என்று கேட்டேன். கொய்யாதான், சிவப்புக் கொய்யா, துரை பங்களாவில் களையெடுக்கப் போனபோது ஒரு கன்றைப் பிடுங்கி வந்து நட்டேன், நாங்கள் பங்களாக் கொய்யா என்போம் என்றார். அப்படியானால் அந்தச் சிவப்புத் துணி எதற்கு என்று கேட்டேன்.

"அதுவா, நான்தான் தம்பி கட்டுனேன். மருந்தடிக்கிறவன் பொண்டாட்டி செவப்புத் துணி கட்டுனா எவன் கை வெப்பான்?"

பிறகு கதையைச் சொன்னார். கடைசிப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது தண்ணீர் குடித்தால்கூட வாந்தி. அந்தப் பழம் ஒன்றுதான் உள்ளே தங்கியது. ஆனால் பழுக்கப் பழுக்கப் பாதையில் போகிற வருகிறவர்கள் எல்லாம் பறித்துவிடுவார்கள். ஒரு நாள் கணவரின் பையிலிருந்து ஒரு துணியை எடுத்துக் கட்டினார். அன்றோடு சரி. குழந்தை பிறந்த பிறகும் அவிழ்க்க மனம் வரவில்லை, ருசி அப்படி என்றார். வீட்டை விற்று நான்கு வருடம் கழித்து, பழம் கேட்கலாம் என்று ஒரு தடவை அந்தப் பாதையில் வந்தாராம்.

"புதுத் துணி கட்டியிருந்துச்சு. சரி, இவரும் வெவரமான ஆளுதான், தனக்குன்னு வெச்சிருக்காருன்னு நெனச்சு அப்படியே திரும்பிட்டேன்."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அடுத்தவரைச் சொல்லிச் சிரிக்கலாம், தனக்கே வரும்போது சிரிப்பு வருவதில்லை. பன்னிரண்டு வருடம், வருடம் தவறாமல், ஒருத்தியின் சின்னத் தந்திரத்துக்கு நான் சம்பளமில்லாக் காவல்காரனாக இருந்திருக்கிறேன். என் பெண் பள்ளிக்கூடம் போன வருடங்களில் எல்லாம் அது பழுத்து உதிர்ந்திருக்கிறது. என் மனைவி நன்றாக இருந்த வருடங்களிலும். அந்த நினைப்பு வந்ததும் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மாள் காரணம் கேட்கவில்லை, ஒரு டம்ளர் டீயை முன்னால் வைத்தார். நானே சொன்னேன், மனைவிக்கு உடம்பு இப்படி, இந்தப் பழத்தைக் கேட்டாள், நான் கொடுக்கவில்லை என்று. இன்றைக்குக் கொடுங்கள் என்றார். எனக்கும் நாலு பழம் கொண்டுவாருங்கள் என்றும் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்தே டாக்டருக்குப் போன் செய்தேன். கொய்யா வகைதானே, நன்றாகக் கழுவி, தோலை நீக்கி, உள்ளே இருக்கும் சதையைக் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள் என்றார். ஆனாலும் மனம் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து முதலில் நான் ஐந்து பழம் தின்றேன். நாளைக் காலைவரை பொறுத்திருப்போம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கட்டிலில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். அவள் அப்படித் தானாக எழுந்து உட்கார்ந்து பல நாளாகியிருந்தது.

"நீங்க செத்தீங்களா இல்லையான்னு பாத்துப்போட்டு அப்பறம் நான் திங்கோணுமா? தானுந் திங்காம அடுத்தவங்களையுந் திங்கவுடாம, வெக்கப்போரு நாயாட்டப் பன்னண்டு வருசம் இருந்தது பத்தாதுங்களா?"

கோத்தகிரிக் கதையை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. இருந்தாலும் ஒரு ராத்திரி போகட்டும் என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. காலையில் பசியோடு எழுந்தேன், அவ்வளவுதான்.

துணியை அவிழ்க்கப் போனேன். முடிச்சு அவிழவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக என் முடிச்சுகள், பன்னிரண்டு மழையில் இறுகிக் கிடந்தன. பிளேடால் அறுத்தேன். எல்லாவற்றுக்கும் அடியில், கிளை தடித்து ஏறிக்கொண்ட பட்டைக்குள், நிறமே போன ஒரு கந்தல் நூல் அகப்பட்டது. அது அந்த அம்மாள் கட்டியது. அதை மட்டும் அறுக்காமல் விட்டேன்.

பழத்தைக் கழுவி, இரண்டாக வெட்டி, வெள்ளைச் சதையை ஸ்பூனால் வழித்து அவள் வாயில் வைத்தேன். அவள் நாக்கை அசைக்காமல் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தாள். ஜன்னல் வழியாகப் பனி வந்து போர்வைமேல் உட்கார்ந்திருந்தது. நான் சாவி என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"புளிக்குதுங்க," என்றாள். பிறகு அழுதாள். எனக்குத் தெரிந்து புளிப்புக்காக யாரும் அப்படிச் சந்தோஷமாக அழுததில்லை.

அன்று நாலு பழம். மறுநாள் ஆறு. பழத்தால் எடை ஏறாது என்று எனக்கும் தெரியும். ஆனால் பழம் தின்ற கையோடு ஒரு அரை மணி நேரம் அவள் நாக்கிலிருந்து சாவி விலகி இருக்கும். அந்த அரை மணிக்குள் நான் கஞ்சியையோ பருப்புச் சோற்றையோ கொண்டுபோய் நீட்டிவிடுவேன். முதலில் இரண்டு வாய், பிறகு நாலு வாய், பிறகு கிண்ணத்தை அவளே வாங்கிக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்துக் கோயமுத்தூரில் மெஷினில் ஏறினாள். நான் முள்ளைப் பார்க்கவில்லை, டாக்டர் முகத்தைப் பார்த்தேன். அவர் நர்ஸிடம் மருந்தை எடுத்துவரச் சொன்னார்.

மருந்து ஏற்றி, இரண்டு நாள் கழித்து, வாடகைக் காரில் வீடு வந்து சேர்ந்தோம். அன்று அதிசயமாகப் பனி இல்லை. பள்ளத்தாக்கு அடிவரை தெரிந்தது. அவளைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு மருந்துப் பையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மருந்து ஏற்றிய வாரத்தில் அவள் பேசவே மாட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். ஆனால் அவள் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, பாதைப் பக்கத்துக் கெளையில ஒரு பழங்கூடக் காணமுங்க. ஆரோ பறிச்சுப்போட்டாங்க."

போனால் போகிறது, துணியை எடுத்தாகிவிட்டதே, ஊர் தின்னட்டும் என்றேன். பன்னிரண்டு வருடப் பாவத்துக்குப் பிராயச்சித்தம் செய்கிற தாராளம் எனக்கு. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமான புதிதில், நான் ஏமாந்து வாங்கிவந்த அழுகல் தக்காளியைப் பார்த்த அதே கடைக்காரர் மகள் பார்வை.

"கோத்தகிரி அக்காவுக்கு நாலு எடுத்து வெச்சுப்போட்டு, அந்தச் செவப்புத் துணிய மறுபடி கட்டீருங்க. எனக்கு இன்னும் ஒரு ஊசி பாக்கி இருக்குதுங்கல்ல."

நான் அலமாரியின் அடியிலிருந்து கடைசிக் கொடித் துணியைத் தேடி எடுத்தேன். வேலியோரம் போய்ப் பழைய கிளையிலேயே கட்டினேன். அவளுக்கு வேண்டும், தனக்கே தனக்கென்று வேண்டும், அடுத்த மாதமும் வேண்டும். இதைவிட வேறு என்ன நல்ல செய்தியை எந்த டாக்டர் எனக்குச் சொல்லிவிட முடியும்? ஜன்னலிலிருந்து அவள் குரல் வந்தது, இன்னும் கொஞ்சம் மேலே கட்டுங்கள், பாதையில் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்று. அவிழ்த்து மேல் கிளையில் கட்டினேன்.